தரகர் எதை விற்கிறார்?

வாடகைக்கு வீடு பார்த்துத் தருகிறவரும் தரகர். ராணுவத்தைப் பீரங்கி வாங்க வைக்கிறவரும் தரகர். வரன் கொண்டுவருபவர், மாட்டுச் சந்தையில் பேரம் படிய வைப்பவர், ஆர்டிஓ அலுவலக வாசலில் ஃபைலோடு நிற்பவர், யாருக்கு எந்த இலாகா என்று டெல்லியில் தொலைபேசியில் பேசுபவர் என எல்லோருக்கும் செய்தித்தாளில் ஒரே பெயர்தான். ‘இடைத்தரகர் கைது’ என்று தலைப்பு வரும்போது, அந்த மனிதர் செய்தது தொழிலா குற்றமா என்று படிப்பவருக்குக் குழப்பம் வருவதில் வியப்பில்லை. பேச்சுவழக்கு இன்னும் மங்கலானது. ‘அங்க நமக்கு ஆள் இருக்கு’ என்பார்கள். ‘ஆளைப் பிடிச்சா முடிஞ்சிரும்’ என்பார்கள். அந்த ஆள் என்ன செய்து முடிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

தரகர்களை நல்லவர், கெட்டவர் என்று பிரித்தால் விஷயம் பிடிபடாது. எத்தனை சதவீதம் கமிஷன் வாங்குகிறார் என்று பார்த்தாலும் பிடிபடாது. அவர் விற்கும் சரக்கு எது, அது யாருடைய சொத்து என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் பெரும்பாலான தரகுகள் தாமாகவே பிரிந்துவிடும்.

ஐந்து சரக்குகள்

1. தகவல். எந்தத் தெருவில் எந்த வீடு காலியாகிறது, எந்த வீட்டில் பையனுக்குப் பெண் தேடுகிறார்கள் என்பது வீட்டுத் தரகருக்கும் கல்யாணத் தரகருக்கும் தெரியும். அலைந்து திரிந்து சேர்த்த அறிவு அது. அதற்குக் கூலி கேட்பதில் தவறில்லை. கைப்பேசிச் செயலிகள் வந்த பிறகு முதலில் அடி வாங்கியதும் இந்தச் சரக்குதான்.

2. நம்பிக்கை. மாட்டுச் சந்தைத் தரகர் துண்டை விரித்து, அதன் அடியில் விற்பவரின் விரல்களைப் பிடித்து விலை பேசுவார். பிறகு வாங்குபவரின் விரல்களைப் பிடிப்பார். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு விலை தெரியாது. இருவருக்கும் முன்பின் பழக்கம் இருக்காது. ஆனால் இருவருக்கும் தரகரைத் தெரியும். மாடு முட்டும், பால் மறைக்கும் என்று நாளைக்குத் தெரியவந்தால் சட்டையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். தரகுக் காசு அந்த உத்தரவாதத்துக்குத்தான்.

3. முன்பணம். காய்கறி மண்டிக்காரர் விதைப்புக் காலத்திலேயே விவசாயிக்குக் கடன் கொடுக்கிறார். விளைந்ததும் சரக்கு அவருடைய மண்டிக்குத்தான் வர வேண்டும். கமிஷன் போக மிச்சம்தான் விவசாயி கைக்கு வரும். 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தையைத் தமிழக அரசு தொடங்கியது இந்தத் தரகரை விலக்கத்தான். அன்றாடம் கொஞ்சமாகப் பறித்து விற்கும் சிறு விவசாயிக்கு அது நன்றாகவே உதவியது. ஆனால் சந்தை திடலைத் தந்தது, தராசைத் தந்தது, கடனைத் தரவில்லை. அதனால் மண்டிக்காரரும் போகவில்லை.

4. வாசல். பெரிய மனிதரைப் பார்க்க நேரம் வாங்கித் தருவது. சந்தித்தால் காரியம் நடக்கும் என்று உறுதி கிடையாது. உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான்.

5. முடிவு. அனுமதி, உரிமம், டெண்டர், தேர்வு, பதவி என எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கும். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதையே விற்பது இந்தத் தரகு.

முதல் மூன்றும் தரகரின் சொந்தச் சரக்கு. உழைத்தோ பெயரைப் பணயம் வைத்தோ பணம் போட்டோ சேர்த்தவை. நான்காவது இரண்டுங்கெட்டான். ஐந்தாவதைத் தரகர் விற்கவே முடியாது, ஏனென்றால் அது அவருடையதில்லை. கையெழுத்துப் போடும் அதிகாரிக்கும் சொந்தமில்லை. ஊர் அவரிடம் ஒப்படைத்தது அது. இனி வரும் உதாரணங்களில் பெரும்பாலானவை இந்த ஐந்தாவது சரக்கைச் சுற்றியே வரும்.

டெல்லியில் 822 பேர் உரிமம் எடுக்கப் போனார்கள்

தரகர் எதை விற்கிறார் என்பதை ஊகத்தில் விடாமல் சோதித்தே பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. மரியான் பெர்ட்ராண்ட், சிமியோன் ஜான்கோவ், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய பொருளியலாளர்கள் டெல்லியில் ஓட்டுநர் உரிமம் எடுக்க விரும்பிய 822 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவை அதன் போக்கில் விட்டார்கள். இன்னொரு குழுவுக்குச் சீக்கிரம் உரிமம் வாங்கினால் பரிசுப் பணம் என்றார்கள். மூன்றாவது குழுவுக்கு இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஆய்வு 2007-ல் வெளியானது.

உரிமத்துக்கு அரசுக் கட்டணம் 450 ரூபாய். உரிமம் பெற்றவர்கள் சராசரியாகச் செலவழித்தது சுமார் 1,120 ரூபாய். கூடுதல் பணத்தில் பெரும்பகுதி ஏஜென்ட்டுகளுக்குப் போனது. அதிகாரிக்கு நேரடியாக லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. உரிமம் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஓட்டுநர் தேர்வையே எழுதவில்லை, வண்டியையும் ஓட்டிக் காட்டவில்லை. ஆய்வாளர்கள் தாங்களாகவே வைத்த தேர்வில், கையில் உரிமம் வைத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தோற்றார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். ஏஜென்ட் இல்லாமல் நேர்வழியில் போனவர்களைத் தேர்வில் ஏராளமாகத் தோற்கடித்தார்கள். நன்றாக ஓட்டுபவரும் தோற்றார், சுமாராக ஓட்டுபவரும் தோற்றார். தரகரின் வாடிக்கையாளர் அந்தத் தோல்வியில்தான் பிறக்கிறார். முதல் தடவை தோற்றுவிட்டு வெளியே வருபவரிடம், ‘முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்’ என்று மரத்தடியில் ஒருவர் கேட்பார்.

ஆய்வாளர்கள் ஏஜென்ட்டுகளிடம் வேறு வேறு ஆட்களை அனுப்பிப் பேசவும் வைத்தார்கள். ‘எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது’ என்றவரிடம் ஏஜென்ட் தயங்கவே இல்லை; முடித்துத் தருகிறேன் என்றார். ‘பழகுநர் உரிமம் எடுத்து முப்பது நாள் காத்திருக்க முடியாது, உடனே வேண்டும்’ என்றவரிடம் அநேகமாக எல்லோருமே கையை விரித்துவிட்டார்கள். ஓட்டத் தெரியுமா தெரியாதா என்பது ஒரு மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிவு செய்வது. அதை எப்படி எழுதினாலும் பிறகு யாரும் கண்டுபிடிக்க முடியாது. தேதி அப்படியில்லை. காகிதத்தில் இருக்கும், பிறகு எவரும் எடுத்துச் சரிபார்க்கலாம். ஆக, சட்டம் முழுவதையும் தரகரால் வளைக்க முடிவதில்லை. ஒரு மனிதரின் கண்ணுக்கும் பேனாவுக்கும் விட்டுவைத்த இடத்தை மட்டுமே வளைக்கிறார். அரசு மொழியில் இதற்கு விருப்புரிமை என்று பெயர். பக்கத்து அறை மேசையானாலும் அமைச்சரவைக் குழுவானாலும் விருப்புரிமை இருக்கும் இடத்தில்தான் தரகரின் கடை.

இதை முன்பே ஒரு குழு கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. தஞ்சை மாவட்டத்துக்காரரான கே. சந்தானம் தலைமையில் அமைந்த ஊழல் தடுப்புக் குழு 1964-ல் அறிக்கை தந்தது. ஃபைல் வேகமாக நகர்வதற்காகக் கொடுக்கும் பணத்தை அது ‘வேகப் பணம்’ என்ற பொருளில் குறிப்பிட்டது. விதிக்கு மாறாக எதையும் செய்யச் சொல்லிக் கொடுப்பதில்லை, சீக்கிரம் செய்யச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள் என்று முதலில் தோன்றும். ஆனால் வேகத்துக்கு விலை கிடைக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, பணம் வரும்வரை ஃபைலைத் தொடாமலிருப்பதே சிலருக்குப் பழக்கமாகிவிடுகிறது என்பது அந்தக் குழு கண்ட உண்மை. டெல்லி ஆய்வு நாற்பது ஆண்டுகள் கழித்து அதற்கு எண்கள் தந்தது.

இரண்டு மொழி, இரண்டு எஜமான்

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு மதிப்பான ஒரு பழைய பெயர் இருந்தது: துபாஷி. இரண்டு மொழி தெரிந்தவர் என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையிலும் புதுச்சேரியிலும் வந்திறங்கிய வெள்ளைக்காரருக்கு ஊர் மொழி தெரியாது, ஊர் வணிகருக்கு அவர்கள் மொழி தெரியாது. நடுவில் நின்றவர் துபாஷி. மொழிபெயர்ப்பாளர், கணக்குப்பிள்ளை, கடன் கொடுப்பவர், சரக்குப் பிடித்துத் தருபவர் எல்லாம் அவரே.

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பை, ஒரு தரகர் தன் தொழிலை உள்ளிருந்து எழுதிய ஆவணமாகவும் படிக்கலாம். யார் யார் கவர்னரைப் பார்க்க வந்தார்கள், யார் என்ன கொண்டுவந்தார்கள், எந்தச் சொல்லை எப்படி எடுத்துச் சொன்னேன் என்று வரிசையாக வருகிறது. டூப்ளேயின் மனைவி தன்னைத் தாண்டிக் காரியங்களில் தலையிடுகிறார் என்ற பொருமலும் வருகிறது. வாசல் ஒன்றுதான், வாசல்காரர் இருவரானால் என்னாகும்?

சென்னையில் துபாஷியாகச் சம்பாதித்த பச்சையப்ப முதலியாரின் சொத்து அறக்கட்டளைக்குப் போய், 1842-ல் பள்ளியாகி, பிறகு கல்லூரியாயிற்று. அதே காலத்து இன்னொரு துபாஷி அவதானம் பாப்பையா. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளான ஹாலண்ட் சகோதரர்களிடம் வேலை பார்த்தவர். அவர்களில் ஒருவர் சென்னையின் தற்காலிக ஆளுநராக இருந்தார். வருவாய் வாரியத்தில் இருந்த ஹாலிபர்ட்டன் என்ற அதிகாரியைக் கவிழ்க்கப் பொய்ச் சாட்சியம் தயாரித்துச் சதி செய்ததாக வழக்கு வந்து, 1792-ல் பாப்பையா தண்டிக்கப்பட்டார். சூளையில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இருவருக்கும் ஒரே பதவி, ஒரே வகை வருமானம். ஒருவர் மொழியையும் வணிகத் தொடர்பையும் விற்றார். மற்றவர் எஜமானின் அதிகாரத்தையே எடுத்துப் புழங்கினார். பச்சையப்பர் காலத்து வணிகம் முழுவதும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கம்பெனிக் காலத்தில் அதை எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம்.

கங்காணி: இரு பக்கமும் வாங்கியவர்

தமிழர் வரலாற்றில் மிகப் பெரிய தரகு எது என்று கேட்டால் நான் கங்காணி முறையைச் சொல்வேன். கண்காணி என்ற சொல்தான் பேச்சில் கங்காணியாயிற்று. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள் சேர்த்தவர்கள் இவர்கள். பெரும்பாலும் சொந்த ஊருக்கே, சொந்த உறவுக்காரரிடமே வந்து பேசி அழைத்துப் போவார்கள். மேலே பட்டியலிட்ட முதல் மூன்று சரக்குகளும் கங்காணி கையில் இருந்தன: அக்கரையில் வேலை இருக்கிறது என்ற தகவல், நம் ஊர்க்காரர் என்ற நம்பிக்கை, வழிச்செலவுக்கு முன்பணம்.

முன்பணத்தைத் தோட்டத்துரை கங்காணியிடம் கொடுத்தார். அது தொழிலாளியின் பேரில் கடனாக ஏறியது. தன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு வந்தார்கள் என்ற கணக்குப்படி, தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தோட்டம் தனியாகக் காசு கொடுத்தது. தொழிலாளி தன்னை அழைத்து வந்தவர் தனக்காகப் பேசுவார் என்று நினைத்திருப்பார். கங்காணியின் வருமானமோ அந்தத் தொழிலாளி காய்ச்சலிலும் எழுந்து வேலைக்குப் போவதில் இருந்தது.

தோட்டம் மாற வேண்டுமானால் இலங்கையில் ‘துண்டு’ வேண்டும். கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று எழுதிய சீட்டு அது. புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும்; கடன் கூடவே போகும். மாட்டுச் சந்தையிலும் துண்டு, இங்கேயும் துண்டு. அங்கே விலையை மறைத்தது துணி, இங்கே மனிதருக்கு விலை எழுதியது காகிதம். 1921-ல் சட்டம் போட்டு இலங்கையில் துண்டு முறையை ஒழித்தார்கள். மலாயாவுக்கு உதவித்தொகை தந்து ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-ல் நிறுத்தியது.

தரகில் தகவலும் நம்பிக்கையும் முன்பணமும் சொந்தச் சரக்கு என்று மேலே எழுதினேன். சொந்தச் சரக்கை விற்பவரும் கேடு செய்யலாம் என்பதற்குக் கங்காணி உதாரணம். இன்னொரு பக்கமும் தனக்குக் காசு தருகிறது என்பதை வாடிக்கையாளரிடம் மறைத்தால் போதும்.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் இன்றைய முகவரிடமும் இதையே பார்க்க வேண்டும். 1983-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஊருக்குள் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிப் போகும் ‘சப் ஏஜென்ட்’ பெரும்பாலும் எந்தப் பதிவிலும் இருக்கமாட்டார்.

தடை போட்டால் மறைந்துகொள்வார்

அரசு கொள்முதலில் தரகர் எப்படி இருப்பார் என்பதற்கு, ஸ்வீடன் ஆயுத நிறுவனமான போஃபர்ஸின் விவகாரம் இன்றும் நல்ல பாடம். 1986 மார்ச் 24 அன்று 410 பீரங்கிகளுக்கு, சுமார் 1,437 கோடி ரூபாய்க்கு இந்தியா ஒப்பந்தம் போட்டது. இடையில் யாரும் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு முன்னதாகவே சொல்லியிருந்தது. 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி கமிஷன் போன செய்தியை வெளியிட்டது.

பின்னர் வெளிவந்த ஆவணங்களில் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஏ.இ. சர்வீசஸ் என்ற நிறுவனத்துடன் போஃபர்ஸ் 1985 நவம்பரில் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. 1986 மார்ச் 31-க்குள் இந்தியா கையெழுத்திட்டால் 3 சதவீதம், அந்தத் தேதி தாண்டினால் ஒன்றும் இல்லை என்பது அதன் சாரம். தகவல் சேகரிக்கவோ பீரங்கியை விளக்கவோ வேலைக்கு வைத்தவருக்கு இப்படிக் கெடு வைக்கமாட்டார்கள். ஒரு அரசின் முடிவு எப்போது வரும் என்பதை முன்கூட்டி விலைபேசியது அந்தக் காகிதம். கெடுவுக்கு ஏழு நாள் முன்பு கையெழுத்து விழுந்தது.

கொடுத்த பணமெல்லாம் பழைய முகவர்களின் கணக்கை முடித்த வகையில் போனது என்று போஃபர்ஸ் நிறுவனம் விளக்கம் சொன்னது. வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2004-ல் தள்ளுபடி செய்தது. இத்தாலிய வணிகர் ஒட்டாவியோ குவத்ரோச்சி மீதான வழக்கைச் சிபிஐ கைவிட, 2011-ல் அவரும் விடுவிக்கப்பட்டார். அதற்குச் சற்று முன்பு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் குவத்ரோச்சிக்கும் போஃபர்ஸின் இந்திய முகவராக இருந்த வின் சத்தாவுக்கும் சுமார் 41 கோடி ரூபாய் கமிஷன் போனதாகச் சொல்லியிருந்தது. குற்றவியல் வழக்கில் தண்டனை இல்லை, வரிக் கணக்கில் கமிஷன் உண்டு. தரகு வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. பணம் போன பாதையைக் காட்டிவிடலாம். அது எந்தக் கையெழுத்தை வாங்கியது என்று நிரூபிப்பதுதான் கஷ்டம்.

தடையால் தரகர் ஒழியவில்லை, வேறு பெயரில் ஒளிந்தார். 2001-ல் பாதுகாப்பு அமைச்சகம் வழியை மாற்றி, பதிவு செய்துகொண்டு கமிஷனை வெளிப்படையாகச் சொன்னால் முகவர் இருக்கலாம் என்றது. அதே 2001-ல்தான், ஆயுத நிறுவன ஆட்கள்போல நடித்த பத்திரிகையாளர்கள் அன்றைய பாஜக தலைவர் பங்காரு லட்சுமணிடம் ஒரு லட்சம் ரூபாய் கொடுப்பது ரகசியக் கேமராவில் பதிவானது. அவர்கள் விற்க வந்ததாகச் சொன்ன நிறுவனமும் பொய், சரக்கும் பொய். வாசலுக்கான விலை மட்டும் உண்மையாக இருந்தது. 2012-ல் அவருக்கு நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள்.

லாபி என்றால் என்ன?

அமெரிக்காவில் வாசலை விற்பதைச் சட்டம் தொழிலாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. லாபி என்பது, காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காக அரசிடமும் சட்டம் இயற்றுபவர்களிடமும் பேசுவது. 1995-ம் ஆண்டின் சட்டப்படி லாபி செய்பவர் பதிவு செய்ய வேண்டும். யாருக்காக, எந்த விஷயத்துக்காக, எவ்வளவு பணத்துக்கு என்று அறிக்கை கொடுக்க வேண்டும். வேற்று நாட்டு அரசுகளுக்காகப் பேசுபவர்களுக்கு 1938-லிருந்தே தனிச் சட்டம் உண்டு.

அந்தப் பழக்கம் இங்கே எப்படிக் குழப்பியது என்பதற்கு வால்மார்ட் விவகாரம் சாட்சி. 2008 முதல் அமெரிக்காவில் லாபிக்குச் செலவழித்த சுமார் 2.5 கோடி டாலரில் இந்தியச் சந்தையில் நுழைவது பற்றிப் பேசியதும் அடக்கம் என்று அந்த நிறுவனம் அங்கே முறையாகத் தாக்கல் செய்திருந்தது. 2012 டிசம்பரில் அது இங்கே தெரியவந்ததும் நாடாளுமன்றம் அமளியானது. விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் நியமிக்கப்பட்டார். அங்கே அது சட்டம் கேட்ட படிவத்தை நிரப்பிய செயல். இங்கே லாபி என்ற தொழிலுக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. அதனால் காதுக்கு அது லஞ்சம் என்றே கேட்டது. இந்தியாவில் பெருநிறுவனங்களுக்காகப் பேசும் ஆட்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? பெருநிறுவனங்களுக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்த நீரா ராடியாவின் தொலைபேசிப் பேச்சுகளை வருமான வரித்துறை பதிவு செய்து, அவை 2010-ல் வெளியானபோது நாடே கேட்டது. 2009-ல் அமைச்சரவை அமைந்ததில் திமுகவுக்கு எந்த இலாகா என்பது வரை அதில் பேச்சு ஓடியது. அந்தப் பேச்சுகளில் குற்றம் எதுவும் தெரியவில்லை என்று 2022-ல் சிபிஐ உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

பதிவேடு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2006-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்ற ஜாக் அப்ரமாஃப் வாஷிங்டனில் எல்லோருக்கும் தெரிந்த லாபிக்காரர்தான். பதிவேட்டினால் ஒரு நன்மை உண்டு: கேள்வி கேட்க வேண்டிய ஆள் யார் என்று தெரியும்.

பணத்தைத் திருப்பித் தரும் ‘நேர்மையான’ தரகர்

இனி எந்தச் சரக்கும் இல்லாமல் விற்பவர். வேலை வாங்கித் தரும் தரகர்களில் இந்த வகை அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள்:

1. தேர்வு எழுதும் பத்துப் பேரிடம் ஆளுக்கு 5 லட்சம் வாங்குகிறார். மொத்தம் 50 லட்சம். ‘வேலை கிடைக்கலைன்னா முழுசாத் திருப்பித் தந்திடுவேன்’ என்பது வாக்கு.
2. அவர் யாரையும் பார்க்கவில்லை, எங்கும் போகவில்லை. வீட்டில் இருக்கிறார்.
3. பத்தில் இரண்டு பேர் சொந்தப் படிப்பால் தேறுகிறார்கள். மற்ற எட்டுப் பேருக்கு 40 லட்சத்தைச் சொன்னபடியே திருப்பித் தருகிறார்.
4. மிச்சம் 10 லட்சம். நடுவில் ஆறேழு மாதம் 50 லட்சம் கையில் இருந்ததன் வட்டி தனி.

இதில் காசு போன இருவரும் புகார் செய்யமாட்டார்கள். அவர்கள் நினைப்பில் காசால்தான் வேலை கிடைத்தது. காசு திரும்பிய எட்டுப் பேரோ, ‘வாக்குத் தவறாத மனுஷன்’ என்று அவருக்கு விளம்பரம் செய்வார்கள். அடுத்த ஆண்டு இருபது பேர் வருவார்கள். பிள்ளை படித்து வாங்கிய வேலையைத் தரகர் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார், பெற்றோர் அதற்கு நன்றியும் சொல்கிறார்கள். ‘நமக்கு ஆள் இருக்கு’ என்ற நம்பிக்கையில் எவ்வளவு இப்படிப் பிறந்தது என்று யாரும் கணக்கெடுக்க முடியாது.

இந்தத் தரகர்களுக்கு வெளியிலிருந்தும் ஓர் உதவி கிடைக்கிறது. உண்மையாகவே முடிவை விற்ற வழக்குகள் அவ்வப்போது வெளிவருகின்றன. 2019 செப்டம்பரில் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில், ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் சிலர், சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடைகளைக் குறித்தார்கள். வழியில் விடைத்தாள்கள் திருத்தப்பட்டன. 2020 ஜனவரியில் 99 பேருக்கு ஆணையம் வாழ்நாள் தடை விதித்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்களில் ஒரு பகுதியினர் ‘ஐயோ’ என்றார்கள். இன்னொரு பகுதியினர் ‘அப்போ நடக்கத்தான் செய்யுது’ என்று சொல்லித் தங்கள் ஊர்த் தரகரை நினைத்துக்கொண்டார்கள்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

சட்டத்தில் தரகு மொத்தமாகக் குற்றமில்லை. இடத்துக்கு இடம் வேறு வேறு கோடு.

1. ஊழல் தடுப்புச் சட்டம், 1988. 2018-ல் திருத்திச் சேர்த்த 7ஏ பிரிவு தரகருக்கென்றே இருப்பது. முறைகேடாகவோ தன் தனிப்பட்ட செல்வாக்காலோ அரசு ஊழியரை இணங்க வைக்கிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கினாலே குற்றம். வாங்க முயன்றாலும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. பணம் கொடுத்தவரும் 8-வது பிரிவில் மாட்டுவார். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். வேலைக்குப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் காவல் நிலையம் போகத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. மனை, வீடு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-ன்படி பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் விற்றுத் தரும் முகவரும் பதிவு செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அந்த மனை அல்லது வீட்டின் விலையில் 5 சதவீதம் வரை அது ஏறலாம். வாடகை வீடு காட்டும் தெருமுனைத் தரகரை இது தொடாது.

3. நீதிமன்ற வாசல். வழக்குப் பிடித்துத் தந்து காசு பார்ப்பவர்களை ஒடுக்க 1879-லிருந்து ஒரு சட்டம் இருந்தது. 2023-ல் அதை நீக்கி, வழக்கறிஞர் சட்டத்திலேயே அதைச் சேர்த்தார்கள். தண்டனை மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். ஐந்நூறு ரூபாய்! கோர்ட் வாசலில் அரை நாள் வண்டி நிறுத்தினாலே பாதி போய்விடும்.

4. உறுப்பு. சிறுநீரகத் தரகுக்குக் கோடே கிடையாது, முழுத் தடைதான். 1994-ம் ஆண்டுச் சட்டத்தை 2011-ல் கடுமையாக்கியபோது ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று ஆனது. அப்படியும் 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களைத் தேடித் தரகர்கள் வந்த செய்தி வெளியானது. அங்கே தரகர் முதலில் கொண்டுவந்தது அறுவை சிகிச்சையை இல்லை. கந்துக் கடனிலிருந்து விடுபடும் பேச்சை.

கணினி வந்த பிறகு

எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே, இனி தரகர் எதற்கு என்று கேட்கலாம். பாஸ்போர்ட் பாதி பதில் தருகிறது. 2010-க்குப் பிறகு சேவை மையங்களும் ஆன்லைன் முன்பதிவும் வந்தன. வரிசையை விற்றுவந்த தரகருக்கு விற்க வரிசை இல்லை. இப்போது அவர் பிரவுசிங் சென்டர் வைத்துப் படிவம் நிரப்பித் தருகிறார். நூறோ இருநூறோ வாங்குகிறார். அது கூலி, ஊருக்குத் தெரிந்து வாங்கும் கூலி.

ரயிலில் கதை வேறு. அனுமதியில்லாமல் டிக்கெட் வாங்கி விற்றால் ரயில்வே சட்டம் 143-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் தட்கல் திறந்த சில நொடிகளில் மென்பொருளைக் கொண்டு டிக்கெட்டை அள்ளிவிடுகிறார்கள். இருக்கை கொஞ்சம், கேட்பவர் ஆயிரம் என்றால் வரிசை கணினிக்குள் இருந்தாலும் வரிசைதான். அதனால் 2025 ஜூலை முதல் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு வந்தது. முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்குக் கதவு மூடப்பட்டது.

விருப்புரிமையையே எடுத்துவிட்ட உதாரணம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர் விவரங்களைத் தானே சான்றளித்துக் கட்டணம் செலுத்தினால் அனுமதி ஆன்லைனிலேயே வந்துவிடும். அனுமதிக்கு முன் இடத்தை யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. வந்து பார்க்க ஆள் இல்லை என்றால், அவரை அழைத்துவர ஆள் தேவைப்படாது.

பட்டாவில் இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். சர்வே எண்ணை உடைக்காமல் முழு மனையையும் வாங்கினால், பத்திரப் பதிவு முடிந்ததும் பெயர் மாற்றம் அநேகமாகத் தானாக நடந்துவிடுகிறது. அதே இடத்தில் பாதியை வாங்கினால் உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டும். அவர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும்போது, தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் யாராவது ஒருவர் வந்து, ‘என்ன சார், சப் டிவிஷனா?’ என்று கேட்பார்.